முதலில் அளவுகோல், பிறகு இயந்திரம்

(பத்து பாகாட் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)

 

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே ஒரு கருவி இருக்கிறது. மலாய் மொழியில் 'பத்து' என்பது கல். 'பாகாட்' என்பது உளி. முற்காலத்தில் இங்குப் பாறையை உளியால் செதுக்கியதை ஒட்டி இப்பெயர் வந்தது என்று பெரியோர் கூறுவர். உளியின் பெயரைத் தாங்கிய ஊரில் வீட்டுப் பட்டறைக் கருவிகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

நம் தோட்டங்களில் ஓய்வு பெறுவோர் சிலர், ஊழியர் சேமநிதியிலிருந்து பெற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வீட்டின் பின்புறத்தில் சிறு பட்டறை அமைக்க விரும்புகின்றனர். இளைஞர்கள் பால்வெட்டு முடிந்த பிற்பகலில் மரவேலையோ, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் வேலையோ செய்து கூடுதல் வருமானம் தேட எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆனால் கையிலுள்ள பணம் முழுவதையும் பளபளக்கும் மின்சார இயந்திரத்திற்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சில்லறைக்கு ஓர் அளவு நாடாவை வாங்குவதே பலருடைய வழக்கமாக இருக்கிறது. இம்முறை தலைகீழானது என்பதை எடுத்துரைக்கவே வந்துள்ளோம்.

அளவின் அருமை உங்களுக்குப் புதிதன்று. பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்ட முறையை நீங்கள் அறிவீர்கள். 20 கிலோ பாலில் ரப்பர் 33 விழுக்காடு என்றால் 6.6 கிலோ, 30 விழுக்காடு என்று பதிவானால் 6 கிலோ. மூன்றே புள்ளியில் 600 கிராம் மறைந்துவிடுகிறது. உழைப்பு அதே உழைப்புத்தான். அளவு மாறியதால் பலன் மாறியது. வணிகத் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் கூறியதும் இதனாலேயே. கடைக்காரரின் தராசைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நாம், நம் வீட்டு அளவுகோலை மட்டும் ஏன் கண்மூடி நம்ப வேண்டும்?

இதற்கு எங்கள் அனுபவத்தையே சொல்வோம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாணவர்களுக்காக ஒரு நூல் அலமாரி செய்யத் தொடங்கினோம். நல்ல பலகை, புதிய ரம்பம், மூன்று நாள் உழைப்பு. இறுதியில் கதவு மூடவில்லை. பலகை ஈரம் என்றோம். கீல் மட்டம் என்றோம். உண்மையில் குற்றவாளி எங்கள் மூலைமட்டம். அது ஒரு நாள் சிமெண்டுத் தரையில் விழுந்ததை மறந்து, தொடர்ந்து பயன்படுத்தி வந்தோம். அலமாரியைப் பிரித்து மீண்டும் செய்தோம். அன்று எங்களுக்கு நட்டம் பலகை மட்டுமே. கூலிக்கு வேலை எடுத்தவராக இருந்தால் முன்பணமும் போயிருக்கும், நற்பெயரும் போயிருக்கும்.

மூலைமட்டத்தைச் சோதிப்பது எளிது. நேரான விளிம்புள்ள பலகையில் அதைச் சார்த்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுங்கள். இரு கோடுகளும் ஒன்றாகப் படிந்தால் மட்டம் சரி. 300 மில்லிமீட்டர் உயரத்தில் கோடுகள் 2 மில்லிமீட்டர் விலகினால், மட்டத்தின் பிழை அதில் பாதி, அதாவது 1 மில்லிமீட்டர். சிறிய பிழைதானே என்று எண்ண வேண்டாம். 2,100 மில்லிமீட்டர் உயரக் கதவுக்கு வரும்போது அது 7 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும்.

ரசமட்டத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். ஒரு பலகைமேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, முனை மாற்றி அதே இடத்தில் வையுங்கள். குமிழி மீண்டும் அதே பக்கக் குறியில் நின்றால், பலகை சாய்ந்திருந்தாலும் மட்டம் நல்லதே. இச்சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்த்து வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அளவு நாடாவின் முனையிலுள்ள கொக்கி சற்றே ஆடும். அது பழுதன்று. வெளியளவு எடுக்கும்போது கொக்கி இழுபட்டும், உள்ளளவு எடுக்கும்போது உள்ளே தள்ளப்பட்டும், தன் கனத்தைத் தானே சரிசெய்துகொள்ளவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். அதைச் சுத்தியால் தட்டி இறுக்கியவர் நல்ல நாடாவைக் கெடுத்தவராவார். நாடாவைச் சடாரென்று சுருளவிடுவதும் கொக்கியின் துளையைப் பெரிதாக்கும். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நாடாவால் அளப்பதும் நல்ல பழக்கம்.

நம்மில் மூத்தோர் அடி, அங்குலத்தில் பேசுவர். இளையோர் மில்லிமீட்டரில் படித்தவர்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 25 என்று கணக்கிட்டால், 80 அங்குலத்தில் 32 மில்லிமீட்டர் குறைந்துவிடும். ஆகவே தந்தையும் மகனும் சேர்ந்து வேலை செய்யும் பட்டறையில் எந்த அளவு முறை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இயந்திரப் பழுது பார்ப்போருக்கு வெர்னியர் அளவியும், பின்னர் மைக்ரோமீட்டரும் தேவைப்படும். வெர்னியரை வாங்குமுன் தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடையே ஒளி கசியக் கூடாது. சுழிக்கோடுகள் நேருக்குநேர் நிற்க வேண்டும். அதைத் திருகு சாவியாகவோ, இரும்பில் கோடு கீறும் ஊசியாகவோ பயன்படுத்தலாகாது. மைக்ரோமீட்டரை இறுக மூடி வைக்காமல் சிறிது இடைவெளி விட்டே வையுங்கள்.

நம் நாட்டின் ஈரக்காற்று இரும்பின் பகை. வேலை முடிந்ததும் கை வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லத் தடவி, தனிப் பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். அரமும் சுத்தியும் கிடக்கும் பெட்டியில் அளவு கருவிகளைப் போடாதீர்கள். ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி இரும்பை அரிக்கும். அம்மோனியா பித்தளையைக் கெடுக்கும். ஆதலால் அவை இருக்கும் கொட்டகையில் கருவிப் பெட்டி இருக்கலாகாது.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு? வாரத்தில் எத்தனை நாள்? பழுதானால் உதிரிப்பாகம் பத்து பாகாட் நகரிலோ, அருகிலுள்ள வேறு ஊரிலோ கிடைக்குமா? விடை தெளிவாக இல்லையெனில் பணப்பையைத் திறக்காதீர்கள். பழைய துளையிடும் இயந்திரமாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, துளைக்கோல் பிடிக்கும் தலைப்பகுதியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். வார்ப்பு இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓடவிட்டு ஓசையைக் கேளுங்கள்.

சாணை இயந்திரத்தில்தான் ஆபத்து மிகுதி. புதிய சாணைக்கல்லைப் பொருத்துமுன் அதைத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்ற ஓசை நல்லது. மந்தமான ஓசை வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம், அதை ஒதுக்கிவிடுங்கள். கல்லில் குறித்துள்ள வேகத்திற்கு மேல் இயந்திரம் சுழலக் கூடாது. தாங்குதட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பொருள் சிக்கி, கல் உடைந்து சிதறக்கூடும். இயந்திரத்தை முடுக்கியதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். கண்ணாடிக் கவசம் இன்றி அருகில் செல்லாதீர்கள். பால்வெட்டுக் கத்தியைத் தீட்டும்போது அடிக்கடி நீரில் நனையுங்கள்; விளிம்பில் நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் போய்விட்டது என்று அறியுங்கள்.

துளையிடும்போது கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் கூடாது. தாய்மார்கள் கூந்தலை முடிந்து கொள்ள வேண்டும். துளையிடும் பொருளைக் கையால் பிடிக்காமல் பிடிப்பானில் இறுக்குங்கள். வெறுங்காலோடும் ஈரத் தரையிலும் மின்கருவியைத் தொடாதீர்கள். மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கருவியைத் துடைக்குமுன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

ஆகவே, வாங்கும் வரிசை இதுவாக இருக்கட்டும்: நாடா, எஃகு அளவுகோல், மூலைமட்டம், ரசமட்டம், தேவைப்படின் வெர்னியர். அவற்றைப் பழகி, கைவேலை செம்மையாகி, நாலு பேர் வேலை கொடுக்கத் தொடங்கிய பின்னரே துளையிடும் இயந்திரமும் சாணையும். நாற்பது ஆண்டு மழையிலும் பனியிலும் நிரை பிடித்துச் சேர்த்த பணம் அது. துருப்பிடித்த இயந்திரமாக அது கொட்டகையில் கிடக்கக் கூடாது. அளக்கத் தெரிந்த கைக்குச் சிறிய கருவியும் சோறு போடும்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மூலைமட்டத்தை எடுத்து, பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அந்த இரண்டு கோடுகளை இழுத்துப் பாருங்கள். அவை ஒன்றாகப் படிந்தால் மகிழுங்கள். விலகினால், நட்டம் வருமுன் அறிந்தோம் என்று மகிழுங்கள்.