கிளிமீனுக்குப் பெயர் தந்தது அலகே

சொல்லாய்வில் என்னைவிட நெடுங்காலம் உழைத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, மாமல்லபுரத்தில் நடக்கும் இம்மாநாட்டின் தலைமை உரையை ஆற்றுவது பெருமையாகவும் சற்றே அச்சமாகவும் இருக்கிறது.

கடற்கரை வழக்குச் சொற்கள் என்பது நம் பொதுத் தலைப்பு. வலை, படகு, காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களை அடுத்தடுத்த அமர்வுகள் விரிவாகப் பேசும். நான் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன்: கிளிமீன்.

தமிழில் கிளிமீன் என்பது பாறையிலும் பவளத்திலும் பாசியைச் சுரண்டித் தின்னும் பார் மீன். ஸ்காரஸ் முதலான பேரினங்களைச் சேர்ந்தது. கேரளக் கரையில் அதே பெயர் நெமிப்டெரஸ் என்ற இளஞ்சிவப்பு மீனைக் குறிக்கிறது. அந்த மீன் சென்னையை அடுத்த கோவளத்திலும் சென்னைச் சந்தையிலும் சங்கரா. சங்கரா என்ற பெயருக்குள் வேறு சில சிவப்பு மீன்களும் அடங்கும் என்பது இந்த அவைக்குத் தெரிந்ததே.

இதை வைத்து, நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர் பல கருத்தரங்குகளில் இரண்டு கருத்துகளைச் சொல்லி வந்திருக்கிறார். பளிச்சென்ற நிறத்தால்தான் இப்பெயர் வந்தது, கேரள வழக்கே அதற்குச் சான்று என்பது ஒன்று. தமிழ் வழக்கு ஆங்கிலப் பாடநூலில் வரும், கிளியைச் சுட்டும் பெயரின் மொழிபெயர்ப்பு என்பது மற்றொன்று. இரண்டையும் ஏற்க இயலவில்லை.

முதலில் கேரளச் சான்று. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. நம் கிளிக்கு அங்கே தத்த என்று பெயர். ஆகவே அவர்களுடைய கிளிமீன் நம்முடைய கிளியைச் சுட்ட வேண்டிய கட்டாயமில்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்வது ஒப்பாய்வு ஆகாது.

அடுத்து நிறம். தமிழ்க் கிளிமீன்களில் பல இனங்கள் இளமையில் மங்கலான பெண்ணாக இருந்து, பிறகு ஆணாக மாறிப் பச்சையும் நீலமுமாக ஒளிர்பவை. நிறத்தை நம்பிய விலங்கியலாளர்கள் ஒரே மீனின் பருவங்களைத் தனித்தனி இனங்களாக எண்ணி, முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சூட்டினார்கள். இன்று அவை ஏறக்குறைய நூறு இனங்களாகச் சுருங்கிவிட்டன. நிறம் அறிஞர்களையே பிரித்துக் குழப்பியது. பற்கள் ஒட்டி உருவான அலகோ எல்லாப் பருவத்திலும் மாறாதது. அலகைப் பார்த்துப் பெயரிட்டவர்கள் அந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. நாட்டுப்பெயர் துல்லியமற்றது என்று எழுதுவோர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு வாதத்துக்கு வருகிறேன். மலாய் மொழியில் இம்மீனின் பெயர் காகக்டுவா, அதாவது கொண்டைக்கிளி. அலகைக் கண்ட இடத்திலெல்லாம் கிளி நினைவுக்கு வருவது இயல்பு. ஆங்கிலேயர் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயர்க்கடன் எதிர்த் திசையிலும் ஓடியிருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த மறைப்பணியாளர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், நம் கரை மீன்களை பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு அனுப்பினார். அவற்றின் தமிழ்ப் பெயர்களும் உடன் சென்றன. 1793இல் பிளாக் ஒரு கத்தாளை மீனுக்கு ஜோனியஸ் கருட்டா என்று பெயரிட்டார்: முதற்பாதி ஜானின் பெயர், பிற்பாதி நம் ‘கறுத்த’. 1801இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லாசெபெத் இட்ட ஒரு பெயரில் நம் ‘வரால்’ அப்படியே இருக்கிறது. பிரான்சிஸ் டே 1875 முதல் வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலை எல்லோரும் எடுத்தாளுகிறோம்; அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முந்திய இந்தத் தரங்கம்பாடிச் சான்றுகளை நம் சொல்லாய்வு போதிய அளவு தொடவில்லை. ரோமன் எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு மறைந்துவிடும் என்பதால், இவற்றை மீனவர் உச்சரிப்போடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.

பெயருக்குச் சட்ட வலிமையும் உண்டு. கேரள அரசு குஞ்சுமீன் பிடிப்பைத் தடுக்க வகுத்த குறைந்தபட்ச அளவுப் பட்டியலில் கிளிமீன் இருக்கிறது. அதைத் தமிழில் அப்படியே எழுதினால் விதி வேறொரு மீன்மேல் போய் விழும்.

ஆகவே ‘ஒரு மீனுக்கு ஒரு பெயர்’ என்று மேலிருந்து விதிக்கும் தீர்மானத்தை இந்த மாநாடு நிறைவேற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஒருவகை மீன்’ என்று நின்றுவிடும் அகராதிப் பதிவுகளும் போதாது. பெயர், அது வழங்கும் ஊர், சொன்னவர் வலை இழுப்பவரா மீன் விற்பவரா, மீனின் அளவு, பருவம், படம் ஆகிய அனைத்தும் தமிழ் எழுத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பணியைக் கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் இந்த ஆண்டே தொடங்குவோம்.