அரிசி டப்பாவுக்குள்ள மூணு கடன் அட்டை

பணம் பத்திப் பேச வர்றவங்ககிட்ட நான் முதல்ல வருமானம் எவ்வளவுன்னு கேக்குறதில்ல. எந்தக் கடன் வீட்டுக்குத் தெரியாதுன்னுதான் கேப்பேன். சுரக்குடியில ஒரு அக்கா, மூணு குழுக் கடன் அட்டையை அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தாங்க. குழுக் கடன்ல தவணை தப்பினா வாசல்ல நிக்கிறது கம்பெனி ஆள் மட்டும் இல்ல, கூடக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரங்களும்தான். கடனைவிட தெருவுல நடக்குறதுதான் அவங்களுக்குப் பெரிய பயம். அந்த நேரத்துல வட்டிக் கணக்கு காதுல ஏறாது. லோன் ஆப்ல சிக்குன சென்னைப் பசங்களும் இப்படித்தான். டப்பாவுக்குப் பதிலா சைலண்ட்ல போட்ட ஃபோன்.

முதல் நாள் மூணு அட்டையையும் வெளிய எடுத்து வச்சோம், டீ குடிச்சோம். அவ்வளவுதான்.

அப்புறம்தான் விதி. ரிசர்வ் வங்கி 2022ல கொண்டுவந்ததுபடி, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்துல 50 சதவீதத்தைத் தாண்டுற மாதிரி நுண்கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலயும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. மிரட்டி வசூலிக்கிறதுக்கு எதிரா தமிழ்நாடு 2025ல தனிச் சட்டமே போட்டுச்சு. ஆனா காரைக்கால் புதுச்சேரியோடது, அந்தச் சட்டம் இங்க செல்லாது. ரிசர்வ் வங்கி விதி செல்லும்.

அக்கா திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான்: "ஆறு மணிக்கு மேல கதவைத் திறக்க வேணாமா தம்பி?"

வேணாம்க்கா.