தாலாட்டின் ஓநாயும் கவிஞனின் தாளும்



அசைவூட்டப் படம் என்றதும் பூனையும் எலியும் துரத்தி விளையாடும் காட்சியே பலர் மனத்தில் எழும். கார்ட்டூன் என்னும் பெயரால் அது குழந்தைகளுக்கு மட்டும் உரியதென ஒதுக்கப்பட்டது. ஆயினும் உலகின் பல நாடுகளில் இக்கலை கவிதைக்கு மிக அணுக்கமாக வளர்ந்துள்ளது. அதற்கு ஒரு நற்சான்று, ரஷ்யக் கலைஞர் யூரி நார்ஸ்டைன் 1979இல் படைத்த ‘கதைகளின் கதை’. சுமார் 29 நிமிடமே ஓடும் இக்குறும்படம், 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் 2002இல் சாக்ரெப் நகரிலும் நடந்த வாக்கெடுப்புகளில் உலகின் தலைசிறந்த அசைவூட்டப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கவிஞர்கள் இப்படத்தை எண்ணிப் பார்க்க வேண்டியது அப்பெருமைக்காக அன்று. கவிதை யாருக்கு உரியது, அதனைக் கையிலெடுத்தவனின் கடமை யாது என்னும் வினாவை அது எழுப்புகிறது என்பதற்காகவே.

போரும் தாலாட்டும்

ஜெர்மானியப் படை சோவியத் நாட்டினுள் புகுந்தது 1941 ஜூன் மாதம். நார்ஸ்டைன் பிறந்தது அதே ஆண்டு செப்டம்பரில். அவருடைய இளமை மாஸ்கோவின் மாரினா ரோஷா பகுதியில் பழைய வீடொன்றில் கழிந்தது. அப்போரில் மாண்ட சோவியத் மக்கள் 2 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. எஞ்சியவர்களின் தெருக்களில் வளர்ந்த தலைமுறையின் நினைவே இப்படத்தின் கரு.

கட்டிலின் ஓரத்தில் படுத்தால் சாம்பல்நிற ஓநாய்க்குட்டி வந்து விலாவைக் கடிக்கும் என்று அச்சுறுத்தும் தாலாட்டு ஒன்று ரஷ்யாவில் வழங்குகிறது. தமிழ்த் தாயர் பூச்சாண்டியைக் காட்டுவது போன்றதே அது. எழுத்தாளர் லுத்மிலா பெத்ருஷெவ்ஸ்கயாவுடன் இணைந்து திரைக்கதை அமைத்த நார்ஸ்டைன், அந்த ஓநாய்க்குட்டியையே படத்தின் தலைமைப் பாத்திரமாக்கினார். ஆனால் அது எவரையும் கடிக்கவில்லை. எல்லோரும் விட்டுச்சென்ற வீட்டில் தனித்து வாழ்கிறது. தீ மூட்டி உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கிறது. தாய்ப்பால் அருந்தும் குழந்தையை ஏக்கத்தோடு நோக்குகிறது. மனிதர் மறந்தவற்றுக்கெல்லாம் காவலாக நிற்பது அச்சத்தின் உருவமான ஓநாயே என்பது எண்ணி வியக்கத்தக்கது.

கையறுநிலை

தெருவிளக்கின் கீழ் இணையிணையாக ஆடவரும் மகளிரும் ஆடுகின்றனர். பின்னணியில் டாங்கோ இசை ஒலிக்கிறது. இசைத்தட்டு இடறுவது போல ஓர் ஒலி. ஆடவருள் ஒருவர் மறைகிறார். மீண்டும் ஓர் இடறல், மற்றொருவர் மறைகிறார். இறுதியில், இல்லாத தோளின்மீது கைவைத்த நிலையில் பெண்கள் மட்டும் நிற்கின்றனர். பின்னர் முக்கோணமாய் மடித்த தாள்கள் காற்றில் பறந்து வருகின்றன. போர்க்களத்திலிருந்து வரும் மடல்கள் அவ்வாறே மடிக்கப்பட்டிருக்கும். இவை கொண்டுவருவதோ சாவுச் செய்தி.

குருதியோ போர்க்களமோ இக்காட்சியில் இல்லை, அழுகுரலும் இல்லை. இறந்தாரைப் பாடும் துறையைக் கையறுநிலை என்று வகுத்தது தமிழ் மரபு. செயலற்று நிற்கும் கையே அத்துறைக்குப் பெயராயிற்று. அந்தக் கையை இப்படம் கண்முன் நிறுத்துகிறது.

கைவினையும் பொறுமையும்

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. நார்ஸ்டைன் தம் பாத்திரங்களைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு அமைந்த கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, இம்மியளவாக நகர்த்திப் படம்பிடித்தார். பாத்திரங்களை வரைந்தவர் அவருடைய துணைவியார் பிரான்செஸ்கா யார்புசோவா. இவ்விருவரின் 1975ஆம் ஆண்டுப் படமான ‘மூடுபனியில் முள்ளெலி’யில் பனிமூட்டமாகத் தோன்றுவதும் மெல்லிய தாளே. கோகோலின் ‘மேலங்கி’ கதையை 1981இல் படமாக்கத் தொடங்கினார் நார்ஸ்டைன். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது முழுப்படமாக வெளிவரவில்லை. ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் கவிஞர்க்கு இப்பொறுமை அயலானதன்று.

புரியாமை என்னும் குற்றச்சாட்டு

முதலில் தாலாட்டின் ஓநாயைக் கொண்டே படத்திற்குத் தலைப்பு அமைந்திருந்தது. அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. துருக்கியில் பல்லாண்டு சிறையிருந்து, 1963இல் மாஸ்கோவில் மறைந்த நாசிம் ஹிக்மத்தின் கவிதைத் தலைப்பே இப்படத்திற்குப் பெயராயிற்று. தடுமாறி நின்ற படத்திற்குக் கவிஞர் ஒருவரின் சொல் கைகொடுத்தது எனலாம்.

படம் எளிதில் விளங்குவதில்லை என்பது உண்மையே. நிகழ்ச்சிகள் காலவரிசையில் வருவதில்லை. ஆயினும் மழையில் நனையும் ஆப்பிள், பனியில் கிடக்கும் ஆப்பிள், சிறுவன் கடிக்கும் ஆப்பிள் எனப் பொருள்கள் திரும்பத் திரும்ப வந்து காட்சிகளைப் பிணைக்கின்றன. தாளும் தீயும் ஒளியும் அவ்வாறே. கதையின் நூல் அறுந்த இடத்தில் உருவகத்தின் நூல் ஓடுகிறது. புதுக்கவிதையைப் புரியவில்லை என்று தள்ளுவோரும், புரியாமையே பெருமை என்று கொள்வோரும் இதனை நோக்க வேண்டும். உணர்வு ஒன்றிவிட்டால் வரிசை தேவையில்லை. உணர்வு இல்லையேல் வரிசை குலைந்ததில் சிறப்பும் இல்லை.

அழும் தாள்

வீட்டின் இருண்ட நடையின் முடிவில் ஒளிபொழியும் வாயில் ஒன்று உண்டு. அதனுள் நுழையும் ஓநாய், கவிஞனின் மேசையிலிருந்து ஒரு தாளைக் களவாடி ஓடுகிறது. ஓடும்போதே தாள் குழந்தையாகி வீறிட்டு அழுகிறது. ஓநாய் திகைக்கிறது. ஆனால் அழும் குழந்தையைக் கைவிட முடியவில்லை. காட்டினுள் தொட்டிலில் இட்டு, தன்னையே அச்சப்பொருளாக்கிய அதே தாலாட்டைப் பாடி ஆட்டுகிறது.

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கவிதை எழுதியவனுக்கு அது வெறும் தாள். எடுத்துச் சென்றவனுக்கோ உயிருள்ள பொறுப்பு. முன்னோர் சொல்லையும் இறந்தோர் நினைவையும் எடுத்தாளாத கவிஞர் இல்லை. அவ்வகையில் கவிஞர் அனைவரும் அந்த ஓநாயைப் போன்றவர்களே. எடுத்ததைப் புகழுக்குரிய பொருளாகக் கருதினால் அது தாளாகவே கிடக்கும். அதன் அழுகையைக் கேட்டு, ஏந்தி, ஆட்டி, அடுத்தவர் கையில் சேர்ப்பவரிடமே அது குழந்தையாக வளரும்.

பத்தாண்டுகளாகப் பிறர் கவிதைகளுக்குச் செவிகொடுத்து வந்த இவ்வட்டம், தன் கையிலுள்ள தொட்டிலை நிறுத்தாது ஆட்டிவருக.