மால்குடி ஸ்டேஷனில் இறங்கியபோது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

"பத்து நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதனால் போய் வந்த ஊரைப் பற்றிச் சொல்றேன்.

1986-ல் நான் பி.எஸ்ஸி. முதலாண்டு. அந்த வருஷம்தான் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' ஆரம்பித்தது. ஆர்.கே.நாராயண் எழுதிய கதைகள். சங்கர் நாக் இயக்கியது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டயனோரா டி.வி. இருந்தது. திண்ணை வரைக்கும் கூட்டம் நிற்கும். வசனமோ இந்தி. தறியில் கைலி நெய்கிறவர்கள் தெரு அது. இந்திக்கு அங்கே என்ன வேலை?

அப்போது எங்களுக்குக் கை கொடுத்தவன் என் வகுப்புத் தோழன். ஆம்பூர்க்காரன், வீட்டில் உருது பேசுகிறவன். சீரியல் வருகிற அன்று மட்டும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் தங்கிவிடுவான். ஒவ்வொரு வசனத்தையும் உடனே தமிழில் சொல்லுவான். யோசித்துப் பாருங்கள்: மெட்ராஸில் பிறந்த தமிழர் இங்கிலீஷில் எழுதிய கதை, கன்னட நாட்டில் இந்தியில் படமாகி, உருது பேசும் ஆம்பூர்ப் பையன் வாயால் குடியாத்தத்துத் திண்ணைக்குத் தமிழில் வந்து சேர்ந்தது! சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத் அழும்போது இவனும் குரல் தழுதழுத்து மொழிபெயர்ப்பான். என் அம்மா, "அந்தப் பையனுக்கு இன்னொரு தோசை போடுடி" என்று என் தங்கையிடம் சொல்லுவார்.

மால்குடி என்பது கற்பனை ஊர். சரயு நதி, அதன் மணல், சாயங்காலம் அங்கே கூடுகிற ஜனம். மணல் என்றதும் எங்களுக்கு நம் கவுண்டன்யா நதிதான் கண்ணில் நிற்கும். "டேய், ஒரு நாள் இந்த ஊருக்குப் போகணும்டா" என்பான் அவன். "இல்லாத ஊருக்கு எப்படிடா போவே?" என்பேன் நான்.

போக முடியும் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2023 டிசம்பரில் என் மனைவியோடு கிளம்பினேன். ரயிலில் பெங்களூரு, அங்கிருந்து சிவமொக்கா, பிறகு பஸ்ஸில் ஆகும்பே. மழைக்காலத்தில் போகக்கூடாது என்று பலரும் சொன்னார்கள். வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊராம். நம் பக்கம் ஆயிரம் பெய்தாலே நல்ல வருஷம்! ராஜநாகத்துக்கும் பேர்போன காடு. என் மனைவி அந்தத் தகவலை மட்டும் ரசிக்கவில்லை.

ஆகும்பேயில் 'தொட்ட மனெ' என்று ஒரு வீடு. கன்னடத்தில் பெரிய வீடு என்று அர்த்தம். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. மரத்தூண்கள், நடுவில் முற்றம். சுவாமியின் வீடாகக் காட்டியது இதைத்தான். கிரீஷ் கர்னாட் அப்பாவாக வந்து மகனை மிரட்டியதெல்லாம் இங்கேதான். நான் ஏதோ மியூசியம் என்று நினைத்துப் போனேன். ஒரு குடும்பம் வாழ்கிற வீடு அது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம், குடிக்கக் கொடுத்தார்கள். தூணைத் தொட்டுப் பார்த்தேன். படத்தில் சின்னப் பையன் பக்கத்தில் நின்றதால் பெரிதாகத் தெரிந்த தூண், நேரில் அவ்வளவு பெரிதில்லை.

படப்பிடிப்புக்காக வைத்த லாலி துரை சிலையைத் தேடினேன். அது செட், எப்போதோ போய்விட்டது. சங்கர் நாக்கும் 1990 செப்டம்பரில் கார் விபத்தில் போய்விட்டார். வயது 35.

மறுநாள் அரசாளு. ஆகும்பேக்குப் பக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். சிவமொக்காவுக்குத் திரும்பி, தாளகுப்பா போகிற ரயில் பாதையில் போகவேண்டும். மால்குடி ரயில் நிலையமாக நடித்தது இந்தச் சின்ன ஸ்டேஷன். பழைய கட்டடம் பாழடைந்து கிடந்ததை ரயில்வே புதுப்பித்து 2020-ல் மால்குடி அருங்காட்சியகம் ஆக்கியது. தொடருக்குக் கலை இயக்குநராக இருந்த ஜான் தேவராஜே அதிலும் வேலை செய்திருக்கிறார். ஒரு பழைய ரயில் பெட்டி டீக்கடையாகி இருக்கிறது. அங்கே டீ வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்தேன். அப்புறம் டீ குடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1935-ல் வந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் முடிவு உங்களில் பலருக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு பேசாமலே இருந்த ராஜம் ஊரைவிட்டுப் போகிறான். சுவாமி ஒரு புத்தகத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடுகிறான்.

நான் ஓடவில்லை. 1988, மூன்றாமாண்டு. பரீட்சைக் கட்டணத்துக்கு என் அப்பா கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்த பணத்தில் நூற்றி இருபது ரூபாயை ஆம்பூரான் அவசரம் என்று கைமாற்றாக வாங்கினான். தோல் கம்பெனியில் இருந்த அவன் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. எனக்கு அது தெரியாது, அவனும் சொல்லவில்லை. கடைசித் தேதி நெருங்கியும் பணம் வரவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி "ஏமாத்துக்காரன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, பம்பாய்க்கு வேலைக்குப் போவதாகவும் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னதாகவும் இன்னொருவன் வந்து சொன்னான். நான் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாசம் கழித்து மணியார்டர் வந்தது. நூற்றி இருபது ரூபாய். கூப்பனில், அம்மாவை விசாரித்து ஒரு வரி. பதில் எழுதவில்லை. அந்தக் கூப்பனையும் தொலைத்துவிட்டேன்.

நண்பர்களே, 86–89 இயற்பியல் வகுப்பில் அவன் யார் என்று பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். பழைய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் யாருக்காவது அவன் இருக்குமிடம் தெரிந்தால் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிவமொக்காவில் அந்த நாவல் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.