பத்து ஏ இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் இல்லையா?

(திரிங்காப் பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேசனில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு. மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பத்து. எஸ்பிஎம்மில் 10 ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. நல்லது. 6 ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன பதில்? இதைக் கேட்பது நம் உரிமை. தொடர்ந்து கேட்போம்.

ஆனால் பிள்ளையின் வயது காத்திருக்காது. நகையை அடகு வைத்துத் தனியார் கல்லூரிக்கு ஓடாதீர்கள். காய்கறித் தோட்ட வேலைக்கும் அனுப்பிவிடாதீர்கள். அரசாங்கப் பள்ளியிலேயே ஆறாம் படிவம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். அங்கே இனக் கோட்டா கிடையாது. எஸ்டிபிஎம் சான்றிதழை வெளிநாட்டிலும் மதிக்கிறார்கள். எஸ்பிஎம்மில் சறுக்கியவன் இங்கே புதுக்கணக்கு தொடங்கலாம். மருத்துவம் கேட்டால் 4.00-க்குப் பக்கத்தில் வேண்டும், அதை மறைக்கமாட்டேன். மற்ற துறைகள் எத்தனையோ உண்டு.

இன்னொன்று. அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் 90 புள்ளி பாடத்துக்கு, 10 புள்ளி புறப்பாடத்துக்கு. பஸ் போய்விடும் என்று நம் பிள்ளைகள் மன்றத்தையும் விளையாட்டையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் பத்துப் புள்ளி அங்கேயே போய்விடுகிறது. நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

இடம் கிடைக்கவில்லையா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். மேல்முறையீட்டுக்குச் சில நாள்தான் தருவார்கள். அன்றே மனுப் போடுங்கள்.