எந்த வெள்ளை?



புது வீட்டின் சாவி கைக்கு வந்ததும் கணவன் மனைவிக்குள் எழும் முதல் சச்சரவு பெரும்பாலும் சுவரைப் பற்றியதுதான். ஒருவருக்கு இளநீலம் வேண்டும், மற்றவருக்குச் சந்தன நிறம். கடைசியில், "வம்பே வேண்டாம், வெள்ளையே அடித்துவிடலாம்" என்று சமாதானமாகிச் சாயக் கடைக்குப் போவார்கள். வம்பு அங்கேதான் காத்திருக்கும். கடைக்காரர் நீட்டும் அட்டையில் பக்கம் பக்கமாக வெள்ளை!

சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் நீலம் கலந்தால் தீர்ந்தது. இன்றைய சாயத்திற்கு வெண்மை தருவது டைட்டானியம் டைஆக்சைடு. அதில் மஞ்சள், செம்மண் நிறம், கறுப்பு என்று சில துளிகள் சேர்த்துத்தான் கண்ணை உறுத்தாத மென்வெள்ளைகளை உருவாக்குகிறார்கள். மஞ்சள் சேர்ந்தால் தந்தம் போலிருக்கும்; கறுப்பு சேர்ந்தால் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அட்டையைத் தனியாகப் பார்த்தால் இந்த உள்நிறம் பிடிபடாது. பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்துப் பாருங்கள், காட்டிக்கொடுத்துவிடும்.

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில் நான்கறை வீடு வாங்கிய ஒரு தம்பதிக்கு நடந்ததைக் கேளுங்கள். மனைவி ஆங்கிலச் சஞ்சிகைகளைப் படித்துத்தான் நிறம் தேர்ந்தெடுத்தார். தெற்குப் பார்த்த அறைக்கு நாள் முழுதும் வெயில் வரும், எனவே நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த வெள்ளை பூசலாம் என்று அதில் போட்டிருந்தது. மாமியாரின் அறை தெற்குப் பார்த்தது. அப்படியே பூசிவிட்டார்கள்.

மாமியார் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவமனையிலிருந்து நேரே அந்த அறைக்கு வந்தார். விளக்கைப் போட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னப்பா, மறுபடியும் வார்டுலயே கொண்டாந்து படுக்க வச்சிட்டியா?" என்று மகனைக் கேட்டார். அன்றிரவு அவர் படுத்தது வரவேற்பறை சோபாவில்.

சஞ்சிகை சொன்னது பொய்யல்ல. லண்டனுக்கு அது சரி. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும். அந்த ஆறு மாதமும் தெற்குச் சன்னலில் நேர் வெயில் விழாது. இங்கே வெயில் கொட்டுவது கிழக்கும் மேற்கும்தான். மாலை வெயில் அடிக்கும் மேற்கு அறையில் தந்த வெள்ளை மஞ்சளாகிவிடும். சாம்பல் கலந்த வெள்ளை அங்கே பொருந்தும். மலேசிய வீடுகளுக்கும் இதே கணக்குத்தான்.

போதாக்குறைக்கு அந்த அறைச் சன்னலுக்கு வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். இலைகளில் பட்டு வரும் வெளிச்சம் சுவரில் பச்சையாகப் படிந்தது. இரவிலோ 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்கு. நீலத்தின் மேல் நீலம்!

மகன் முதலில் விளக்கை 3000 கெல்வினுக்கு மாற்றினார். இரவுக்கு ஓரளவு சரியானது, பகலுக்கு ஆகவில்லை. இந்த முறை அட்டையை யாரும் தொடவில்லை. மூன்று சிறு சாய டின்கள் வாங்கி, இரண்டடி அகலப் பலகைகளில் இரண்டிரண்டு தடவை பூசி, கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்தார்கள். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம், விளக்கொளியில் இன்னொன்று. மூன்று நாள் பார்த்துவிட்டு, துளி சிவப்பு சேர்ந்த தந்த வெள்ளையை மாமியாரே கைகாட்டினார். இலைப் பச்சையை அந்தச் சிவப்பு அடக்கிவிட்டது.

பல நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவை எண்ணாகத் தருகின்றன. கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. நிழலான அறைக்கு 80ஐ ஒட்டியதாகப் பார்ப்பது நல்லது. கதவு, சட்டங்களுக்கு எண்ணெய்ச் சாயம் பூசினால் இருட்டு மூலையில் நாளடைவில் பழுத்துவிடும். நீரில் கரையும் சாயமே மேல். சாமி விளக்கேற்றும் இடத்தில் துடைக்கக்கூடிய சாயம் இல்லாவிட்டால் எந்த வெள்ளையும் ஒரு தீபாவளி கூடத் தாங்காது.

இரண்டாம் முறை குத்தகையாளருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் மகனுக்கு இன்னமும் வருத்தம்தான். அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மதியம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையில் தூங்கிவிடுகிறார்.