மொழி தெரியாத கரைகளில்: சவேரியாரின் மடல்கள் காட்டும் பயணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பயண இலக்கியம் என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். தமிழில் பயண இலக்கியம் என்றவுடன் ஏ.கே. செட்டியாரின் பெயர் நினைவுக்கு வரும். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது தமிழர் ஒருவர் எழுதிய பயணநூல் அன்று. தமிழ்க் கடற்கரைக்கு வந்து, தமிழ் தெரியாமல் தவித்து, அந்தத் தவிப்பை ஒளிக்காமல் எழுதிவைத்த ஓர் அயலவரின் மடல்கள் அவை. பிரான்சிசு சவேரியாரைப் புனிதராக இவ்வவையில் பலர் அறிவீர்கள். கோட்டாற்றுத் திருவிழாவுக்குச் சென்றவர்களும் இங்கே இருக்கக்கூடும். நான் அவரை ஒரு பயணியாக, அதுவும் காதும் வாயும் கட்டப்பட்ட பயணியாக உங்கள்முன் நிறுத்த விரும்புகிறேன்.

அவர் 1506இல் நவார் நாட்டில் சவியேர் கோட்டையில் பிறந்தார். தாய்மொழி பாஸ்கு. பாரிசில் பயின்று, இஞ்ஞாசியாருடன் சேர்ந்து இயேசு சபையின் முதல் உறுப்பினருள் ஒருவரானார். 1541 ஏப்பிரல் 7ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, லிசுபனிலிருந்து கப்பலேறினார். மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. 1542 மே 6இல் கோவாவை அடைந்தார். அதன்பின் அவர் உயிரோடிருந்தது பத்தரை ஆண்டுகளே. அந்தப் பத்தரை ஆண்டில் முத்துக்குளித்துறை, திருவிதாங்கூர்க் கரை, மயிலாப்பூர், மலாக்கா, அம்போன், தெர்னாத்தே, சப்பான், இறுதியாகச் சீனக் கரையோரத் தீவு ஒன்று என்று அலைந்தார். அவர் மடல்களைச் செருமானிய நாட்டு இயேசு சபைத் துறவி சூர்காமர், விக்கி என்பாருடன் இணைந்து 1944–45இல் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் நம் கடற்கரைக்கு வந்தார். முத்துக்குளிக்கும் பரவர் பெருமக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போர்த்துக்கீசியரின் காவலை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். பெயரளவில் கிறித்தவர்; கற்பிப்பார் எவருமிலர். கோவாவில் பயின்ற, தமிழறிந்த மாணவர் மூவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சவேரியார் வந்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட மடலில், தம் மொழி பாஸ்கு, அவர்கள் மொழி மலபார், ஆதலின் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலவில்லை என்று அவர் எழுதுகிறார். மலபார் என்று அவர்கள் அழைத்தது தமிழையே. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி, பெரும்பாடுபட்டு, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பொருளை முழுதும் அறியாமல் ஒலியைக் கற்ற ஆசிரியர், பொருளை உடனே உணரும் மாணவர்கள்! ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இக்காட்சி வியப்பையும் சிறிது அச்சத்தையும் தருகிறது.

இம்மடல் 1545இலேயே பாரிசில் பிரெஞ்சு மொழியில் அச்சேறிப் பரவியது. கல்விச் செருக்கோடு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இருப்போரிடம் போய்ப் பித்தனைப்போல் கூவவேண்டும் என்று தோன்றுவதாக அவர் எழுதிய பகுதியைப் பலரும் எடுத்துக்காட்டுவர். எனக்கோ அந்தப் பெருமடலைக் காட்டிலும், அதே ஆண்டில் மான்சிலாசு என்னும் தம் துணைவருக்கு மணப்பாட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் அனுப்பிய சிறுசிறு மடல்களே உவப்பானவை. அவற்றில் வீறு இல்லை, கவலை இருக்கிறது. வடுகப் படையினர் தாக்கியபோது மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் வாடுகின்றனர், இவர் இருபது தோணிகளுடன் புறப்படுகிறார், எதிர்க்காற்று விடவில்லை. போர்த்துக்கீசியத் தலைவர்களின் கொடுமையைக் கண்டு கொதிக்கிறார். அந்தப் போர்த்துக்கீசிய வரிகளுக்கிடையே நம் சொற்கள் தலைகாட்டுகின்றன. தோணி வருகிறது, பட்டங்கட்டி வருகிறார், கணக்கப்பிள்ளை வருகிறார், பணம் வருகிறது. ஒலி சிதைந்திருப்பினும் அவை நம் சொற்களே. மொழியைக் கல்லாதவரின் எழுத்திலும் மண் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.

அவற்றுள் ஒரு மடல் மொழியாராய்ச்சி செய்வோர் போற்றவேண்டியது. விசுவாச அறிக்கையைச் சொல்லும்போது 'எனக்கு வேணும்' என்று சொல்லவேண்டாம், 'விசுவாசம்' என்னும் சொல்லை இடவேண்டும் என்று சவேரியார் திருத்தம் அனுப்புகிறார். முன்னது விரும்புகிறேன் என்று பொருள்படும், பின்னதே நம்புகிறேன் என்று பொருள்படும் என்பது அவர் தரும் விளக்கம். அவ்வாறே, போர்த்துக்கீசிய எழுத்தில் உருமாறிக் கிடந்தாலும் 'வன்பினாலே' என்று நாம் வாசிக்கத்தக்க ஒரு சொல்லையும் விலக்கச் சொல்கிறார். அச்சொல் வலுக்கட்டாயத்தைக் குறிக்கும். கிறித்து தாமே விரும்பிப் பாடுபட்டாரல்லவா என்பது அவர் கருத்து.

இவ்விடத்தில் சற்று நின்று செல்வோம். ஓராண்டுக்கு மேலாகக் கரையெங்கும் மக்கள் 'எனக்கு வேணும்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் அறியாமையால் பிழைபட்டார்கள் என்று ஆய்வாளர் பலர் எளிதாகக் கடந்துவிடுவர். நான் அவ்வாறு கருதவில்லை. தமிழில் வேண்டுதல் என்பது விருப்பத்தை மட்டுமா குறிக்கிறது? இறைவனிடம் மன்றாடுவதும் வேண்டுதலே; நேர்ந்துகொள்வதும் வேண்டுதலே. பக்தி இலக்கியம் முழுவதும் பரவிக்கிடக்கும் சொல் அது. கடவுளை ஒரு கோட்பாடாக ஏற்றுக்கொள்வது வேறு. எனக்கு அவர் வேண்டும் என்பது வேறு. கடலோடும் மனிதருக்கு இரண்டாவதே இயல்பாக வந்திருக்கிறது. வன்பு என்னும் சொல்லும் அப்படியே. போஞ்சு பிலாத்துவின் அதிகாரத்தின்கீழ்ப் பாடுபட்டார் என்பதில் உள்ள அதிகாரத்தைத்தான் அவர்கள் வன்பு என்று பெயர்த்தார்கள் என்பது என் ஊகம். ஆளுவோரின் அதிகாரத்தை அக்கரை மக்கள் வன்பாக அல்லாமல் வேறு எவ்வாறு அறிந்திருக்க முடியும்? சவேரியாரின் திருத்தம் இறையியலின்படி சரியானது. ஆனால் திருத்தப்பட்ட தமிழைவிடத் திருத்தப்படாத தமிழில் மக்களின் குரல் மிகுதியாகக் கேட்கிறது என்று சொல்லத் துணிகிறேன்.

அவர் கேட்க மறுத்தவையும் உண்டு. சிறுவர்கள் வீட்டுச் சிலைகளை உடைத்து மிதித்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அந்தணரை ஒட்டுமொத்தமாக இழித்துரைக்கிறார். அவர்களுள் கற்றறிந்தவர் என்று அவர் மதித்தவர் ஒருவரே. அவரிடமிருந்து நாராயண மந்திரத்தைக் கேட்டு, ஒலி சிதைய, ஆயினும் அடையாளம் காணும்படி எழுதிவைத்து, பொருளையும் குறித்திருக்கிறார். 1546 மே மாதம் அம்போனிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய மடலில், இந்தியாவுக்குச் சமய விசாரணை மன்றம் தேவை என்று கேட்டவரும் இவரே. அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1560இல் அது கோவாவில் நிறுவப்பட்டது. அதன் கொடுமைகள் வரலாறு அறிந்தவை. புனிதர் வரலாறு எழுதுவோர் இம்மடலைத் தாண்டிச் செல்வது முறையன்று.

மலாக்காவிலும் மலுக்குத் தீவுகளிலும் அவர் கைக்கொண்டது தமிழ்க் கரையில் கற்ற அதே முறைதான். மன்றாட்டுகளை மலாய் மொழியில் ஆக்கினார், மனப்பாடம் செய்தார், பாடவைத்தார். தீவுக்குத் தீவு மொழி வேறுபடுவதையும், மலாய் அனைவருக்கும் பொதுவாக விளங்குவதையும், அது அரபு எழுத்தில் எழுதப்படுவதையும் குறித்துவைத்தார்.

1547 இறுதியில் மலாக்காவில் ககோசிமாவைச் சேர்ந்த அஞ்சிரோ என்பாரைச் சந்தித்தார். போர்த்துக்கீசியம் பேசும் சப்பானியர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்றால் பயணம் முடிவானதுபோலத்தானே! கோவாவிலிருந்து நான்கு மாதப் பயணம். கடைசிப் பகுதி சீனர் ஒருவரின் மரக்கலத்தில். 1549 ஆகஸ்டு 15இல் ககோசிமாவில் இறங்கினர். மக்கள் தங்களைப் பற்றிப் பலவாறு பேசிக்கொள்ள, தாங்களோ மொழியறியாமல் சிலைகளைப்போல் நிற்பதாகச் சில மாதங்களில் எழுதுகிறார். சிலைகளை உடைத்து மகிழ்ந்தவர் தம்மையே சிலைக்கு ஒப்பிட நேர்ந்த இவ்வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

அஞ்சிரோ அறிவுள்ளவர், ஆயினும் சீன எழுத்தில் அமைந்த சமய நூல்களைக் கற்றவரல்லர். கடவுள் என்பதற்கு அவர் தந்த சொல் 'தைனிச்சி'. அது சிங்கோன் பௌத்தப் பிரிவினர் போற்றும் மகாவைரோசன புத்தரின் பெயர். சவேரியார் தைனிச்சியை வணங்குங்கள் என்று பறைசாற்ற, சிங்கோன் துறவியர் தம் நெறியையே பேச மேற்குத் திசையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று வரவேற்றனர். 1551இல் யமகுச்சியில் அவர்களோடு உரையாடியபோதுதான் உண்மை விளங்கியது. உடனே அச்சொல்லைக் கைவிட்டு, 'தேயுசு' என்னும் இலத்தீன் சொல்லையே ஆளத் தொடங்கினார். எதிர்ப்பாளர்கள் அதைத் 'தை உசோ' என்று திரித்தனர். பெரும்பொய் என்பது அதன் பொருள். உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் உள்ளூர்த் தெய்வம் கூடவே வருகிறது. அயற்சொல்லை வைத்தால் அது ஊரார் வாயில் நகைப்புக்கிடமாகிறது. தமிழும் இந்தச் சிக்கலைக் கடந்துதான் வந்தது. தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று நானூறு ஆண்டுகளாக நாம் சொல்லை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம்.

சப்பான் மடல்களில் எனக்கு மிகவும் துயர் தருவது 1552 சனவரியில் எழுதப்பட்ட ஒரு பகுதி. யமகுச்சியில் திருமுழுக்குப் பெற்றவர்கள் அவரிடம் கேட்கிறார்கள்: இறந்துபோன எங்கள் தாய் தந்தையர், மனைவி மக்கள் என்ன ஆனார்கள்? நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழியுண்டா? எங்கள் மன்றாட்டும் அறமும் உதவுமா? இல்லை என்பதே அவர் விடை. அவர்கள் அழுகிறார்கள். தாம் இவ்வளவு நேசிக்கும் நண்பர்கள் தீராத ஒன்றுக்காக அழுவதைக் காணும்போது தமக்கும் துயர் உண்டாவதாக அவர் எழுதுகிறார். விடையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் துயரை மறைக்கவுமில்லை. இல்வாழ்வான் கடமைகளை அடுக்கும்போது தென்புலத்தாரை முதலில் வைத்தவர் வள்ளுவர். அந்நூலைக் கற்பிக்கும் எனக்கு, அந்தச் சப்பானியரின் கண்ணீர் நன்கு அறிமுகமானதாகவே தோன்றுகிறது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தவர்களும் மீட்படைய இயலும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு தெளிவாகக் கூறிவிட்டது. யமகுச்சி மக்களுக்கு அவ்விடை கிடைக்க நானூறு ஆண்டுகள் தாமதமாயின.

இத்தகைய நெறி உண்மையானால் சீனருக்கு ஏன் தெரியவில்லை என்று சப்பானியர் கேட்டதே அவரைச் சீனாவை நோக்கித் திருப்பியது. 1552இல் சாங்சுவான் தீவில் இறங்கி, கந்தோனுக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன வணிகருக்காகக் காத்திருந்தார். வணிகர் வரவில்லை. உடனிருந்த சீன இளைஞர் அந்தோனியு கோவாவில் பல்லாண்டு பயின்றவர். தம் தாய்மொழியையே பெரிதும் மறந்திருந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பியே வாழ்ந்தவருக்கு இறுதியில் வாய்த்த மொழிபெயர்ப்பாளர் அவர்! டிசம்பர் 3ஆம் நாள் விடியுமுன் சவேரியார் இறந்தார். நோயின் கடுமையில் அவர் தமக்குப் புரியாத ஒரு மொழியில் பேசியதாக அந்தோனியு எழுதியிருக்கிறார். அது பாஸ்கு மொழியாக இருக்கலாம் என்பர். அவரை ஐரோப்பாவுக்குத் திரும்ப அழைத்து இஞ்ஞாசியார் மடல் எழுதியது 1553 சூன் மாதத்தில். இறந்து ஆறு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

1622இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அதையொட்டிப் பெருகிய வரலாறுகளில் அவருக்குப் பன்மொழி பேசும் வரம் அருளப்பட்டிருந்தது என்னும் கதை வேரூன்றியது. மொழி வாராமல் அவர் பட்ட பாட்டை அவர் கையாலேயே எழுதிவைத்திருக்க, அடியவர்கள் அதற்கு நேர்மாறானதை நம்ப விரும்பினர்.

மொழியைக் கற்றவர் வேறொருவர். என்றிக்கே என்றிக்கசு என்னும் அண்டிரிக்கு அடிகளார் சவேரியாருக்குப் பின்னர் இக்கரைக்கு வந்து, தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். அவர் பணி இருவர் பணிக்கு ஈடாகும் என்று 1549 சனவரி மடலில் சவேரியாரே இஞ்ஞாசியாருக்கு எழுதியிருக்கிறார். அவர் சப்பானுக்கோ சீனாவுக்கோ போகவில்லை. இதே கரையில் அரை நூற்றாண்டு தங்கி 1600இல் இறந்தார். தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அவர் உழைப்பால் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். சவேரியார் மணியடித்துக் கூட்டிய சிறுவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும்.